கத்தாதே, நிறுத்திச் சொல்லு

இந்த எபிசோடை காரைக்குடியில எங்க அப்பத்தா வீட்டு முகப்புல உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். ஆடியோவுல எதிரொலி கேட்டா பொறுத்துக்கங்க. இன்னைக்கு டாபிக்கே அந்த எதிரொலிதான்.

அப்பத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். நேத்து ரெண்டாங்கட்டுல இருந்தாங்க. இங்கேருந்து, "அப்பத்தா, மாத்திரை போட்டாச்சா?"ன்னு கத்தினேன். பதில் இல்ல. இன்னும் பலமா கத்தினேன். "ஏன்டா கத்துற? ஒண்ணு மேல ஒண்ணு விழுது. நிறுத்திச் சொல்லு"ன்னாங்க.

கடலுக்கு அடியிலயும் இதே பிரச்சினைதான். உப்புத்தண்ணியில ரேடியோ அலை சீக்கிரமே செத்துடும். கிலோமீட்டர் கணக்குல செய்தி போகணும்னா ஒலிதான் வழி. நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகம்.

இதுல உயிரே அடங்கியிருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்போ நம்மகிட்ட எச்சரிக்கை அமைப்பு இல்ல. 2007-ல ஹைதராபாத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வந்துச்சு. வங்கக்கடல்ல சென்னை என்.ஐ.ஓ.டி. நிறுவனத்தோட மிதவைகள் இருக்கு. கடல்தரையில இருக்கிற அழுத்தமானி, மேல தண்ணி சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே கண்டுபிடிக்கும். அந்த எண்ணை ஒலியா மாத்தி மிதவைக்கு அனுப்பும். மிதவை சாட்டிலைட்டுக்கு அனுப்பும். மூணு கிலோமீட்டர் ஆழம்னா, ஒலி மேல வரவே ரெண்டு நொடி.

வர்ற ஒலி நேரா மட்டும் வராது. தரையில, மேல்பரப்புல முட்டி, அதே செய்தியோட பல காப்பி தாமதமா வந்து விழும். பவரை ஏத்தினா எதிரொலியும் சேர்ந்து ஏறும். அதனால முதல்ல ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்ச ஒரு ஒலியை அனுப்புவாங்க. வந்ததை அசலோட ஒப்பிட்டா, எந்தக் காப்பி எவ்வளவு லேட், எவ்வளவு பலம்னு தெரிஞ்சிடும். அதை வச்சு மீதி செய்தியிலருந்து எதிரொலியைக் கழிப்பாங்க. இன்னொரு வழி, துண்டுக்குத் துண்டு இடைவெளி விடுறது. அப்பத்தா சொன்னது இதைத்தான்.

ஆழம் குறைஞ்சா சுலபம்னு நான் நினைச்சிருந்தேன். அப்படி இல்ல. தரையும் மேல்பரப்பும் கிட்டக்க இருந்தா எதிரொலி நெருக்கமா குவியும். 2025 தொடக்கத்துல காட்டுப்பள்ளி துறைமுகத்துல மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியைச் சோதிச்சப்போ, நீரடிக் குரல் தொடர்பு சரியா எடுபடல. ஆழம் போதாததுதான் காரணம்னு சொன்னாங்க. அது இறங்கவேண்டிய ஆழம் 6,000 மீட்டர். அங்கே உள்ள இருக்கிற மூணு பேர் "நல்லா இருக்கோம்"னு சொன்னா, மேல கேக்க நாலு நொடி ஆகும்.

கடைசியா ஒண்ணு. அனுப்பினா மட்டும் போதாது, கிடைச்சுதான்னு பதிலும் வரணும். நேத்து ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திக் கேட்டேன்.

"மாத்திரை... போட்டாச்சா?"

"மறந்துட்டேன்டா. எடுத்துட்டு வா."

அடுத்த வாரம் பாப்போம்.