கண்ணுக்குத் தெரியாத கதிரை அளப்பது எப்படி?

மூத்தோருக்கான சுகாதார உரையின் எழுத்து வடிவம்



"எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்குக் கதிரியக்க மருந்து ஊசி போடுவோம்" என்று மருத்துவர் சொன்னதும் சிலர் தயங்கி, சோதனையையே தள்ளிப் போடுகிறார்கள். அந்தப் பயம் இயல்பானது. ஸ்கேனில் பயன்படும் கதிருக்கு நிறமில்லை, மணமில்லை. உடம்பில் பட்டாலும் தெரியாது. ஆனால் நம் புலன்களுக்கு எட்டாத இந்தக் கதிரைக் கருவிகள் துல்லியமாக அளந்துவிடும். அளக்க முடிந்ததைக் கட்டுப்படுத்தவும் முடியும்.

கைகர் கருவி

ஜெர்மனியைச் சேர்ந்த கைகர், முல்லர் ஆகிய இருவரும் 1928இல் இதை உருவாக்கினார்கள். வாயு அடைத்த ஒரு குழாய், அதன் நடுவே ஒரு மெல்லிய கம்பி, அதில் உயர் மின்னழுத்தம். கதிர் உள்ளே நுழைந்தால் வாயுவில் ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் பாயும். அதுதான் "டிக்" என்ற சத்தம். மருத்துவமனையில் மேசை, தரை, கையுறை ஆகியவற்றில் மருந்து சிந்தியுள்ளதா என்று இத்தகைய கருவிகளால் சோதிக்கிறார்கள்.

மருந்தே இல்லாத அறையிலும் அது அவ்வப்போது "டிக்" என்னும். மண்ணிலிருந்தும், கட்டடச் சுவரிலிருந்தும், வானத்திலிருந்தும் இயற்கைக் கதிர் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே சத்தம் கேட்டாலே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். எத்தனை முறை கேட்கிறது என்பதே முக்கியம்.

காமா கேமரா

எலும்பு ஸ்கேன் எடுக்கும் காமா கேமரா உங்கள்மீது கதிரைப் பாய்ச்சுவதில்லை. ஊசியில் செலுத்திய மருந்து எலும்பில் சேர்ந்து, அங்கிருந்து வெளியே அனுப்பும் கதிரை அது வாங்கிக்கொள்கிறது. உள்ளே ஒரு பெரிய படிகம் இருக்கும். ஒவ்வொரு கதிர் படும்போதும் அதில் சிறு ஒளி மின்னும். அந்த மின்னல்களை எண்ணி, எங்கே அதிகம் என்று கணினி படமாக்கும். வெளியே தெரியாத முறிவு, கிருமித் தொற்று, எலும்புக்குப் பரவிய புற்றுநோய் போன்றவற்றைக் கண்டறிய அந்தப் படம் உதவுகிறது. பயந்து சோதனையைத் தவிர்த்தால் சிகிச்சை தாமதமாகலாம்.

எவ்வளவு கதிர்?

உடல் ஏற்கும் கதிரின் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம். இயற்கையிலிருந்து ஒருவருக்கு ஆண்டுதோறும் கிடைப்பது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். ஓர் எலும்பு ஸ்கேனில் கிடைப்பது ஏறக்குறைய 4 முதல் 6. அதாவது, இரண்டு ஆண்டு இயற்கைக் கதிரை ஒட்டிய அளவு. மருந்திலுள்ள டெக்னீசியத்தின் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறுநீரிலும் வெளியேறுவதால் உடம்பில் இருப்பது இன்னும் குறைவு.

"அப்படியானால் ஊழியர்கள் ஏன் தள்ளி நிற்கிறார்கள்?" என்று கேட்கலாம். உங்களுக்கு இது எப்போதாவது ஒரு முறை. அவர்களுக்குத் தினமும் இதே வேலை. அவர்கள் சட்டையில் அணியும் சிறு பட்டை, உடலில் பட்ட கதிரைப் பதிவு செய்யும். அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை எடுத்துப் படித்துப் பார்ப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஊசிக்குப் பிறகு, மருத்துவர் தடை சொல்லாவிட்டால், தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். கழிவறையில் நன்கு நீர் ஊற்றி, கைகளைக் கழுவுங்கள்.

2. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் விலகி இருக்க வேண்டும் என்று அவர்கள் விளக்குவார்கள். இரண்டு மடங்கு தூரம் விலகினால் கதிர் ஏறக்குறைய கால் பங்காகக் குறையும்.

3. விரைவில் வெளிநாடு செல்வதாக இருந்தால் மருத்துவமனையிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சில விமான நிலையங்களில், எல்லைச் சாவடிகளில் உள்ள கருவிகள் உங்களிடமுள்ள மிச்ச மருந்தையும் கண்டு ஒலிக்கலாம்.

4. தைராய்டுக்கான கதிரியக்க அயோடின் சிகிச்சை வேறு. அதன் வீரியம் பாதியாக எட்டு நாள்கள் ஆகும். அதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. மருத்துவர் சொல்லும் நாள் கணக்கை அப்படியே பின்பற்றுங்கள்.

சந்தேகம் இருந்தால் சோதனைக்கு முன்பே மருத்துவரிடமோ தாதியிடமோ கேளுங்கள். "எனக்கு எத்தனை மில்லிசீவர்ட்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.