மகிழடியில் ஒரு பிரதிக்ஞை



இத்துறையில் என்னினும் மூத்தோர் பலர் எதிரில் வீற்றிருக்க, தலைமைப் பீடத்தில் என்னை அமர்த்திய உங்கள் அன்பை எண்ணும்போது மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று முதியோர் வழங்கும் ஸ்டான்லி மருத்துவமனை நிற்கும் இந்த இராயபுரத்தில், மனநோயின் மூலத்தை ஆராயும் ஓர் அவை கூடுவது எனக்குத் தனியானதொரு நிறைவைத் தருகிறது.

உளப்பகுப்பாய்வுப் பயிற்சிக்கு ஆயத்தமாதல் என்பது நீங்கள் விதித்த பொருள். அதன் அடிப்படைகளை இந்த அவைக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தன்னையே பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்ளுதல், பாடம் கேட்டல், மூத்தோர் மேற்பார்வையில் நோயாளரைக் காணுதல் ஆகிய மூன்று அங்கங்களும், 1920இல் பெர்லினில் ஏழைகளுக்கெனத் திறக்கப்பட்ட மருத்துவ நிலையத்தைச் சார்ந்து உருப்பெற்று, 1925இல் பாத் ஹோம்பர்க் மாநாட்டுக்குப்பின் பொது நெறியாயின என்பதும், மருத்துவப் பட்டம் பெறாதவரும் இத்தொழிலுக்கு உரியவரே என்று ஃபிராய்டு 1926இல் வாதாடினார் என்பதும் நீங்கள் அறிந்தவை. காலம், செலவு, தகுதி முதலியவற்றை எனக்குப் பின் பேசுவோர் விளக்குவர். நான் நெடுநாளாக மனத்தில் சுமந்திருக்கும் ஒரு வழக்கை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முன்னொரு கருத்தரங்கில், நான் பெரிதும் மதிக்கும் நண்பர் ஒருவர், கிரீந்திரசேகர போஸ் பிறரிடம் பகுப்பாய்வு பெறாதவராகையால் அவர் வரலாறு பயிற்சி நாடுவோர்க்கு எச்சரிக்கையாகுமேயன்றி வழிகாட்டியாகாது என்றார். அக்கூற்றின் முற்பாதி உண்மை. மன அடக்கம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய போஸ், எவரிடமும் பகுப்பாய்வு பயின்றவரல்லர். ஃபிராய்டுடன் பல்லாண்டு கடிதத் தொடர்பு கொண்டிருந்தும் அவரை நேரில் கண்டவருமல்லர். ஆயினும், பயிற்சி நெறிகள் வகுக்கப்படுமுன் தோன்றிய முன்னோடியைப் பின்வந்த நெறியால் அளப்பது முறையாகாது. அந்த அளவுகோலின்படி ஃபிராய்டே தகுதியற்றவராவார். போஸ் நடந்த வழியில் இன்று எவரும் நடக்கலாகாது என்பதே என் அபிப்பிராயமும். ஆனால் அவர் கண்ட உண்மையை, பயிலாதவர் கண்டது என்று தள்ளிவிடுவதை நான் ஒப்பமாட்டேன்.

அவர் கண்டது யாது? ஒரு விருப்பம் எழும்போதே அதற்கு எதிரான விருப்பமும் உடன்பிறக்கிறது; ஒன்று வெளிப்பட, மற்றொன்று அடங்கிக் கிடந்து, தன் காலம் வரும்போது நோயாகத் தலைகாட்டுகிறது என்பது. இதற்கு உதாரணம் தேடி நான் வங்கத்துக்குப் போகவில்லை. இங்கிருந்து வடக்கே திருவொற்றியூருக்குத்தான் போனேன்.

சேக்கிழார் ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தில் கூறும் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு காதலிக்கிறார். பிரியேன் என்று சன்னிதியில் சபதம் செய்ய வேண்டும் என்று அறிந்ததும், அந்நேரம் இறைவன் சன்னிதியை விட்டு மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, சபதத்தை மகிழடியிலேயே வாங்கச் சொல்லிவிடுகிறார். வேறு வழியின்றிச் சுந்தரர் அங்கே பிரதிக்ஞை செய்கிறார். வசந்தம் வருகிறது, ஆரூரின் விழாவை நினைக்கிறார், ஊரெல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளியிழக்கின்றன.

கண்ணிழப்பு என்றவுடன், தன் கண்களைத் தானே குத்திக்கொண்ட கிரேக்க மன்னன் ஈடிபஸை அழைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் இங்கே மகனைத் தண்டிக்கும் தந்தை எங்கே? சுந்தரர் தம்பிரான் தோழர். சபதத்துக்கு இடம் மாற்றிய இறைவனும் தோழரே. போகவேண்டும் என்ற விருப்பம் வென்று நடந்தபோது, இருக்கவேண்டும் என்று அடங்கிக் கிடந்த விருப்பம் கண்ணைப் பற்றிக்கொண்டது என்று நான் வாசிக்கிறேன். உளக்காரணத்தால் நேரும் பார்வைக் கேடு பற்றி ஃபிராய்டு 1910இல் எழுதிய கட்டுரையைக் கற்றவர்க்கு இது புதுமையாயிராது. இவ்வாறு வாசிப்பது பக்திக்கு இழுக்கு என்று ஆட்சேபிக்கும் பெரியோர்க்கு நான் பணிவுடன் சொல்வது, அடியவரின் அந்தரங்க வேண்டுதலைச் சேக்கிழார் மறைக்கவில்லை என்பதுதான்.

பயிற்சியை நாடுவோர்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஆய்வாளனாக வேண்டும் என்று விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரிடமும், தான் ஆராயப்படலாகாது என்னும் எதிர் விருப்பமும் உடன் இருக்கிறது. என்னிடம் யோசனை கேட்டு வரும் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கு, கட்டணம், சான்றிதழ் ஆகியவற்றையே கேட்கிறார்கள். தமக்கு என்ன நேரும் என்று கேட்பவர் அரியர். சன்னிதியில் சபதம் செய்ய அவர்கள் சித்தமாயிருக்கிறார்கள்; இறைவன் மட்டும் அந்நேரம் அங்கே இல்லாதிருக்க வேண்டும். அவரை வெளியே அனுப்பிவைக்கக் கைகண்ட உபாயம், படித்த தமிழருக்கு, ஆங்கிலத்தில் பேசுவது. தந்தைமேல் தனக்குள்ள பகையை அம்மொழியில் ஒரு சொற்பொழிவைப்போல் நிதானமாக விவரிப்பவர், “எங்கப்பா” என்று தொடங்கியதும் தொண்டை அடைத்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கொச்சைச் சொல்லுக்குரிய தனி வலிமையை ஃபிராய்டின் சகாவான ஃபெரென்சி 1911இலேயே ஆராய்ந்து எழுதினார். காசிமேட்டிலும் எண்ணூரிலும் பிறந்த பிள்ளை பள்ளியில் வெட்கப்பட்டு விழுங்கிய பேச்சிலேயே அவனுடைய மகிழமரம் நிற்கிறது. அப்பேச்சில் தன்னைக் கேட்கப் பழகாதவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் கனவைக் கேட்க அமரும்போது, அவருடைய சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பாரேயன்றிக் கேட்டவராகமாட்டார்.

ஆகவே ஆயத்தம் என்று நான் கருதுவது, நூற்பட்டியலை முடிப்பதற்கு முன்னதாக, எந்த இடத்தில் சபதம் செய்யாதிருக்க விரும்புகிறோம் என்பதைத் தாய்மொழியில் சொல்லிப் பார்ப்பது. இளம் நண்பர்கள் விண்ணப்பம் எழுதுமுன் சேக்கிழாரின் அப்பகுதியை ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பயின்று திரும்பியுள்ள மூத்தோர்கள், இவ்வட்டாரத்திலிருந்து பயிற்சிக்கு வரக்கூடிய, ஆனால் கட்டணம் செலுத்த இயலாத ஒருவருக்கேனும், வாரத்தில் சில மணி நேரத்தைத் தமிழில் ஒதுக்கித்தர வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.