டீசல் வேன் கிளம்ப மறுத்தால்

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் பதினைந்து, இருபது மடங்கு வரை அமுக்குகிறது. அப்படி அமுங்கும் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியாகப் பீய்ச்சும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்கும் இன்றைய வேன் எஞ்சினுக்கும் இதுவே அடிப்படை. ஆகவே எஞ்சின் கிளம்ப மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். டீசல் வந்து சேர வேண்டும். காற்று போதிய அளவு சூடேற வேண்டும். வண்டி கிளம்பாத நேரத்தில் இந்த வரிசையிலேயே தேடினால், வீணாக எதையும் கழற்ற வேண்டியிராது.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் சுற்றுலா வேன்தான் ஓடும் வீடு. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களும், குற்றாலச் சீசனுக்குப் போகிறவர்களும், கார்த்திகை மார்கழியில் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகிற சாமிமார்களும் இரண்டு மூன்று நாள் வேனிலேயே தங்குகிறார்கள். பாத்திரம், அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும். இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கு, பாட்டு, மின்விசிறி, செல்போன் சார்ஜ் என்று பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். தங்குவதற்கென்றே கட்டப்படும் கேரவன் வண்டிகளில் வீட்டு உபயோகத்துக்குத் தனி பேட்டரி உண்டு. சுற்றுலா வேன்களில் பெரும்பாலும் ஒரே பேட்டரிதான் எல்லா வேலையும் செய்கிறது. விடியற்காலையில் வேன் கிளம்பாமல் நிற்பதற்கு இதுவே முதல் காரணம்.

சாவியைத் திருப்பும்போது கேட்கும் சத்தம் பாதி விடையைச் சொல்லிவிடும். ‘டக்’ என்று ஒரே சத்தத்தோடு நின்றாலும், ‘டக டக’ என்று அடித்தாலும், எஞ்சின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினாலும் கோளாறு மின்சாரப் பக்கம். எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றி, எஞ்சின் மட்டும் பிடிக்காமல் போனால் டீசல் பக்கமோ சூட்டின் பக்கமோ பார்க்க வேண்டும்.

மின்சாரப் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கும் கீழே போயிருந்தால் பேட்டரி டவுன். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் அது வலுவிழந்துவிட்டது. மீட்டர் இல்லாதவர்கள் முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். விளக்கு அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரியோ டெர்மினலோ காரணம். விளக்கு மங்காமல் ‘டக்’ என்று மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையோ அதன் சுவிட்சையோ பார்க்க வேண்டும். சத்தமே வராவிட்டால் பியூஸும் ரிலேயும் சரியாக உள்ளனவா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகளும் உண்டு.

பல நேரங்களில் பேட்டரி நன்றாக இருந்தும் டெர்மினலில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடி மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. கையுறை போட்டு, முதலில் எர்த் வயரைக் கழற்றி, வெந்நீரும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்து, நன்கு துடைத்து இறுக்கினாலே வண்டி எடுத்துவிடும். எஞ்சினையும் சேஸையும் இணைக்கும் எர்த் பட்டையும் இறுக்கமாக இருக்க வேண்டும். வெயில் காயும் ஊர்களில் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் தகடுகளைக் கெடுத்துவிடும்.

வேறு வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது இரண்டு பேட்டரியும் ஒரே வோல்ட்டா என்று பார்ப்பது உயிர்நாடி. லாரி, பேருந்துகளில் பெரும்பாலும் 24 வோல்ட் இருக்கும். அதை 12 வோல்ட் வேனில் கொடுத்தால் மின்சாதனங்கள் கருகிவிடும். சிவப்பு வயரை இரு பேட்டரிகளின் பிளஸ் முனைகளுக்கும் கொடுக்க வேண்டும். கறுப்பு வயரின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸுக்கு. மறுமுனை நின்றுபோன வேனின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு சிறு பொறியிலும் வெடிக்கும் என்பதே இதற்குக் காரணம். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயல வேண்டும். விடாமல் அடித்தால் மோட்டார் காய்ந்து சுருள் எரிந்துவிடும்.

இனி டீசல். செல்ஃப் சுற்றும்போது புகைக்குழாயை ஒருவர் கவனிக்க வேண்டும். புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. டேங்க் காலியாகி மறுபடி நிரப்பிய வண்டியிலும், ஃபில்டர் மாற்றிய வண்டியிலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். பழைய வகைப் பம்ப் உள்ள எஞ்சினில், ஃபில்டர் தலையிலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை கைப் பம்பை அடித்துப் பிறகு திருகை இறுக்கினால் ஏர் போய்விடும். டீசலில் தண்ணீர் கலந்திருந்தாலும் எஞ்சின் பிடிக்காது. ஃபில்டரின் அடியிலுள்ள வடிதிருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

புதிய வகையான காமன் ரெயில் எஞ்சின்களில் நாசில் குழாயைத் தளர்த்தவே கூடாது. ஓட்டத்தில் அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். ஊசித் துளை வழியாக வரும் டீசல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரலாம். இவற்றில் காற்றை வெளியேற்ற, கைப் பம்ப் உள்ள வண்டியில் அதை அடிக்கலாம். மின்பம்ப் உள்ள வண்டியில் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து நிறுத்தினால் போதும்.

எலெக்ட்ரானிக் வண்டிகளில் டீசல் இருந்தும், கம்ப்யூட்டர் அதைப் பீய்ச்ச அனுமதிக்காமல் இருக்கலாம். சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டினால் வண்டி சாவியை அடையாளம் காணவில்லை. செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லையென்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி நடப்புக்கு வந்தபின், புகையைச் சுத்தமாக்க யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டிகள் பெருகியுள்ளன. அந்தத் தொட்டி முழுதும் காலியானால் மறுபடி கிளம்பாத வகைகளும் இருக்கின்றன.

மூன்றாவது, சூடு. சமவெளியில் பெரும்பாலும் இது சிக்கலாவதில்லை. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இரவு நின்ற வேனில், சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் கெட்டிருந்தால் வெள்ளைப் புகைதான் வரும். சாவியை ஆன் செய்ததும் எரியும், சுருள் படம் போட்ட விளக்கு அணையும்வரை பொறுத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிப்பது வெடிப்பில் முடியலாம். செம்மண் புழுதியில் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டர் அடைத்துக் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் எடுக்காத பழைய எஞ்சினில் பிஸ்டன் ரிங், வால்வு தேய்ந்து அமுக்கம் குறைந்திருக்கும். அது பட்டறை வேலை.

ஒரே ஒரு நிலையில் மட்டும் சாவியைத் தொடவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் அமுங்காது. செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சினே பாழாகும். தண்ணீரை வடித்த பிறகே சுற்ற வேண்டும்.

இருட்டில் சாலையில் நின்றுபோன வேனில் பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால், எஞ்சினைத் தொடுமுன் நான்கு திசைவிளக்கையும் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைத் தள்ளி வைத்து, அவர்களைச் சாலை ஓரத்துக்கு அப்பால் நிறுத்துவதே முதல் வேலை. வண்டி கிளம்பிய பின் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் டைனமோவையோ பெல்ட்டையோ சரிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் அதே கோளாறு வரும். மெக்கானிக்கைக் கூப்பிட நேர்ந்தால் செல்ஃப் எப்படிச் சுற்றியது, புகையின் நிறம் என்ன, எந்த விளக்கு எரிந்தது, கடைசியாக எப்போது டீசல் போட்டது என்ற நான்கையும் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டால், தேவையான பொருளோடு அவர் வந்துசேருவார்.