ஆங்கிலப் படிப்பும் புதுப் புரோகிதமும்



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், பிள்ளைகளுக்குச் செல்போன் வழியாகவும் கம்ப்யூட்டர் வழியாகவும் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் ஆன்லைன் வகுப்புகளைப் பற்றியதாகும். "சாமி, சாதி, சடங்கு என்று பேசுகின்றவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். எங்கே ஒருவனுடைய அறியாமையையும் பயத்தையும் மற்றொருவன் முதலாக வைத்து வியாபாரம் செய்கின்றானோ, அங்கெல்லாம் நமக்கு வேலை இருக்கின்றது என்பதுதான் அவர்களுக்கு நமது பதில்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். நாம் இங்கிலீஷ் படிப்புக்கு விரோதிகள் அல்ல. நம் மக்கள் அதைப் படிக்கவே வேண்டும் என்பதுதான் நமது அபிப்பிராயம். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றும்படி தர்ம சூத்திரம் எழுதி வைத்திருந்த நாடு இது. அப்படிப்பட்ட நாட்டில், யார் காதில் விழுந்தாலும் தீட்டுப்படாத ஒரு கல்வி வந்தது என்றால் அது நமக்கு லாபமா, நஷ்டமா? 1848இல் புனாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்த சாவித்திரிபாய் பூலே, இங்கிலீஷ் படியுங்கள் என்று ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பாட்டே எழுதினார். 1916இல் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை, உத்தியோகங்களில் நம்மவர்களுக்கு இடமில்லாமற் போனதை எடுத்துச் சொல்லிற்று. அதற்கடுத்த வருஷமே நம் தலைவர்கள் "ஜஸ்டிஸ்" என்று இங்கிலீஷிலேயே ஒரு பத்திரிகை நடத்தத் தொடங்கினார்கள். ஆகவே அந்தப் பாஷையின் பிரயோசனத்தை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே, ஒரு பொருள் நல்லது என்பதனால் அதை விற்கின்றவன் எல்லாம் நல்லவன் ஆகிவிட மாட்டான். தாகத்துக்குத் தண்ணீர் நல்லதுதான். அதையே தீர்த்தம் என்று சொல்லிக் காசு வாங்குகின்றவனையும் நாம் பார்த்திருக்கின்றோம் அல்லவா?

சில காலத்துக்கு முன் நாம் ஒரு தறித் தொழிலாளித் தோழர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண். அந்தப் பெண்ணை ஒரு கம்பெனியின் ஆன்லைன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். அதன் ஏஜெண்டு வீடு தேடி வந்து, "இந்த வயது போனால் இங்கிலீஷ் நாக்கில் ஏறாது, உங்களைப் போலவே பெண்ணும் தறியில் உட்கார வேண்டியதுதான்" என்று சொல்லியிருக்கின்றார். பயந்துபோன தாயார் சரி என்று சொல்ல, தகப்பனார் செல்போனில் காட்டிய இடத்தையெல்லாம் விரலால் தொட்டார். அது பள்ளிச் சம்பளத்துக்குப் போட்ட கையெழுத்து அல்ல, முப்பத்தாறாயிரம் ரூபாய்க் கடனுக்குப் போட்ட கையெழுத்து என்பது, மாதம் மூவாயிரம் அவர் பாங்குக் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்பட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆறு மாதம் படித்த அந்தப் பெண் நம் முன்னால் வந்து நின்று, தன் பெயர், ஊர், லட்சியம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் தண்ணீர் பட்ட பாடாய்ச் சொல்லிற்று. நமக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, "உன் தாயார் எங்கே இருக்கின்றார்?" என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டோம். பெண் விழித்தது. மறுபடியும் தன் பெயரிலிருந்து முன் சொன்னதையே ஒப்பிக்கத் தொடங்கிற்று. அது ஒன்றைத்தான் ஆறு மாதமாக வீடியோவைப் பார்த்து நெட்டுருப் போட்டிருந்தது. பெண்ணின் மேல் குற்றம் இல்லை. அது கெட்டிக்காரப் பெண். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுகின்ற புரோகிதனை நாம் இத்தனை வருஷமாகக் கண்டித்து வந்தோம். இப்பொழுது நம் பிள்ளைகளையே அப்படி ஆக்கி, அதற்குத் தட்சணையும் நம்மிடமே வாங்குகின்றார்கள். வகுப்பு நின்றுவிட்டது, தவணை மாத்திரம் நிற்கவில்லை!

இந்த வியாபாரம் எப்படி நடக்கின்றது என்று பார்த்தால், மூன்று மூடநம்பிக்கைகளின் மேல்தான் நடக்கின்றது.

முதலாவது, "சிறு வயதிலேயே தொடங்காவிட்டால் வராது" என்பது. பார்சிலோனா சர்வகலாசாலையில் கார்மென் முனோஸ் என்ற அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் இதைப் பல வருஷம் சோதித்துப் பார்த்தார்கள். 8 வயதில் இங்கிலீஷ் தொடங்கிய பிள்ளைகளையும் 11 வயதில் தொடங்கிய பிள்ளைகளையும், இருவரும் ஒரே அளவு மணி நேரம் பள்ளியில் படித்த பின் பரீட்சித்தார்கள். 11 வயதில் தொடங்கியவர்களே பெரும்பாலும் முன்னால் நின்றார்கள். நாள் முழுவதும் இங்கிலீஷ் பேசும் ஊரில் வளருகின்ற குழந்தையின் கதை வேறு. வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் படிக்கும் பிள்ளைக்கு, வயது முதிர முதிரப் புத்தியும் துணைக்கு வருகின்றது. ஆகவே பதினான்கு வயதுப் பையனைப் பார்த்து, "உனக்குக் காலம் போய்விட்டது" என்று சொல்லுகின்றவன் ஜாதகம் பார்க்கின்றவனேயன்றி உபாத்தியாயன் அல்ல.

இரண்டாவது, "வெள்ளைக்காரர் வாயால் கற்றால்தான் இங்கிலீஷ்" என்பது. சீனாவில் 2013இல் தொடங்கிய விஐபிகிட் என்ற கம்பெனி, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் ஆசிரியர்களை அமர்த்தி, ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஒரு வகுப்புக்கு 25 நிமிஷம் என்று நடத்திற்று. அந்த ஆசிரியர்களில் நல்லவர்கள் இருந்திருப்பார்கள், நாம் மறுக்கவில்லை. ஆனால் இங்கிலீஷ் பேசும் தாய் வயிற்றில் பிறந்ததே உபாத்தியாயருக்கு யோக்கியதை என்றால், இன்ன வயிற்றில் பிறந்ததே குருவுக்கு யோக்கியதை என்ற வருணாசிரமத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தமிழ் பேசத் தெரிந்த ஒவ்வொருவராலும் தமிழ் சொல்லிக் கொடுக்க முடியுமா? சொல்லிக் கொடுப்பது ஒரு தொழில். அது பிறப்பினால் வராது, பயிற்சியினால் வரும். நம் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகின்றது, ஏன் தடுமாறுகின்றது என்பது, அதே இடத்தில் தானும் தடுமாறி எழுந்த தமிழாசிரியைக்குத்தான் விரைவில் விளங்கும்.

மூன்றாவது, "தமிழை விட்டால்தான் இங்கிலீஷ் வரும்" என்பது. வீட்டில் தமிழ் பேசினால் அபராதம் என்றுகூடச் சிலர் வைத்திருக்கின்றார்களாம்! தமிழ் எழுத்தைக் கூட்டிப் படித்துப் பொருள் அறியத் தெரிந்த பிள்ளை, அந்தத் திறமையை அப்படியே இங்கிலீஷுக்கும் எடுத்துக்கொண்டு போகும். கையில் இருக்கும் விளக்கை அணைத்துவிட்டா இருட்டில் வேறு விளக்கைத் தேடுவது?

இனி, செல்போன் வழியாகக் கற்பதே புரட்டா என்றால், அதுவும் இல்லை. தென் அமெரிக்காவில் உருகுவே என்று ஒரு சிறிய தேசம். 2007 முதல் அந்தச் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்தது. இங்கிலீஷ் சொல்லித்தர ஆசிரியர் போதாமையால், 2012இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஆரம்பப் பள்ளியின் மேல் வகுப்புகளில் ஒரு பெரிய திரையை வைத்தார்கள். அதில் வாரம் ஒரு முறை வேறு ஊரிலிருந்தோ வேறு தேசத்திலிருந்தோ ஓர் ஆசிரியர் நேராகத் தோன்றிப் பாடம் நடத்துவார். அர்ஜெண்டினாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆசிரியர்கள் பேசினார்கள். பாக்கி இரண்டு வகுப்பை அந்த வகுப்பு ஆசிரியையே நடத்துவார். அந்த அம்மையாருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளைகளோடு தாமும் சேர்ந்து கற்றுக்கொள்வார். இதற்குப் பிள்ளைகளின் பெற்றோர்களிடம் சம்பளம் கேட்கவில்லை.

சீனாவிலோ, 2021 ஜூலையில் சர்க்கார் உத்தரவு போட்டு, பள்ளிப் பாடங்களை விற்று லாபம் அடிக்கக்கூடாது என்றும், வெளிநாட்டில் இருக்கும் அந்நியரைக் கொண்டு பாடம் நடத்தக்கூடாது என்றும் தடுத்துவிட்டது. தடுப்பதனால் மாத்திரம் ஏழைப் பிள்ளைக்குப் பாஷை வந்துவிடாது. உருகுவே செய்தது போல் கொடுக்கவும் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நம் நாட்டு நிலைமை என்ன? கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் மாகாணத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்குத் திரும்பினார்கள். கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் ஸ்மார்ட்போன் உள்ள வீட்டைச் சேர்ந்தவர்கள் 2018இல் 36.5 சதவிகிதம், 2020இல் 61.8 சதவிகிதம் என்று 'அசர்' கணக்கெடுப்பு சொல்லிற்று. வறுமையிலும் பெற்றோர் கடன்பட்டுப் போன் வாங்கினார்கள் என்பதே இதற்கு அர்த்தம். ஆனால் போன் இருக்கும் வீட்டிலும் கால் பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை என்று 2021ஆம் வருஷக் கணக்கு சொல்லுகின்றது. ஒரு போன், இரண்டு பிள்ளைகள் என்ற வீட்டை நினைத்துப் பாருங்கள். போன் யார் கைக்குப் போகும்? பையன் கைக்கு! பெண் அடுப்பங்கரைக்கு! "பெண்ணிடம் போன் கொடுத்தால் கெட்டுப்போகும்" என்று பேசுகின்றவர்கள் நம் கூட்டத்திலும் இருக்கின்றார்கள். மேடையில் பெண் விடுதலைக்குக் கை தட்டிவிட்டு வீட்டில் போனைப் பூட்டி வைப்பது என்ன சுயமரியாதை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வகுப்புகளில், காமிராவைத் திறந்து முகத்தைக் காட்டினால்தான் ஆஜர் என்று வற்புறுத்துகின்றார்கள். ஒழுகும் கூரையும், கொடியில் தொங்கும் கந்தலும், பின்னால் குடித்துவிட்டுக் கத்தும் தகப்பனும் தெரியுமே என்று பதினைந்து வயதுப் பிள்ளை கூசுகின்றது. அந்தக் கூச்சத்தை ஆசிரியர் சோம்பல் என்று எண்ணி, பத்துப் பேர் முன்னால் ஏசுகின்றார். அவமானப்பட்ட வாய் எந்தப் பாஷையையும் பேசாது. ஆகவே அப்பிள்ளை காமிராவை மூடிக்கொண்டு குரலால் பதில் சொன்னால் போதும் என்று விடுகின்ற ஆசிரியரே ஆசிரியர்.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கவனிக்கலாம். யார் அதிகம் பேசுவது, ஆசிரியரா, பிள்ளையா? பிள்ளை வாய் திறக்காத வகுப்பு, பாஷை வகுப்பு அல்ல. ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஆறு எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் உங்கள் பிள்ளையின் முறை எப்பொழுது வரும்? சின்னக் குழந்தை என்றால் இருபது இருபத்தைந்து நிமிஷம் போதும். படம், பாட்டு, எழு, தொடு, ஓடு என்று உடம்பும் சேர்ந்து படிக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் குழந்தைப் பாட்டு உதவாது. மனு எழுதவும், பத்திரிகை படிக்கவும், ஒரு விஷயத்தில் ஏன், எப்படி என்று எதிர்த்துப் பேசவும் கற்றுத்தர வேண்டும். மாதா மாதம் சம்பளம் வாங்கட்டும். வருஷக் கணக்குக் கடன் பத்திரத்தில் ஒருபோதும் கை வைக்காதீர்கள். முப்பது நாளில் பாஷை வரும் என்பவன், முப்பது நாள் விரதத்தில் மோட்சம் தருபவனுக்குச் சகோதரன்.

உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி ஜில்லாவில் பங்கா என்ற ஊரில், 2010இல் இங்கிலீஷுக்கே ஒரு தேவியைச் செய்து, கையில் பேனா கொடுத்து, கம்ப்யூட்டரின் மேல் நிற்கவைத்துக் கோவில் கட்டத் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் நம்மைப் போல் ஒடுக்கப்பட்டவர்கள்தான். இங்கிலீஷ் படித்தால் அடிமைத்தனம் போகும் என்ற அவர்கள் எண்ணத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் தேவி என்று வந்துவிட்டால், கற்பது நின்று கும்பிடுவது தொடங்கிவிடும். இங்கிலீஷ் நமக்குத் தேவி அல்ல; மண்வெட்டி போல் ஒரு கருவி. மண்வெட்டிக்கு யாராவது கடன்பட்டுக் கும்பாபிஷேகம் செய்வானா? வாங்கி வெட்டத்தானே செய்வான்?

கடைசியாக நாம் செய்ய வேண்டிய காரியம். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். ஆகவே ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம் படிப்பகங்களில் பகலெல்லாம் சினிமாப் படம் காட்டும் டெலிவிஷன் பெட்டிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். பட்டணத்திலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு மணி நேரம் அந்தத் திரையில் வந்து பேசட்டும். ஊரில் படித்த பெண் ஒருவர் பிள்ளைகளோடு உட்காரட்டும். முன் வரிசை பெண் பிள்ளைகளுக்கு என்று விதி வையுங்கள். நாம் சொன்ன அந்தத் தறித் தோழரின் மகளை முதல் மாணவியாகச் சேர்த்துக்கொள்ளுவோம். தவணைக் கடனைப் பற்றி அவரோடு பாங்குக்குப் போய்க் கேட்க நம்மில் இரண்டு பேர் வருகின்றோம்.

நாம் சொன்னதாலேயே எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று படித்ததற்கு என்ன அர்த்தம்?" பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள். வராவிட்டால் நாம் சொன்னதைச் சற்று யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.