புதிதாக வருகிற பிள்ளைக்கு ஓர் இடம்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



1991 ஆகஸ்ட் 25ஆம் திகதி, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமையை எழுதிவருவதாக அறிவித்து, அதில் என்னென்ன வேண்டும் என்று மற்றவர்களிடம் கேட்டார். அதுவே லினக்ஸ். நம் கையிலுள்ள அன்ட்ரொயிட் கைபேசியும் அதை அடிப்படையாகக் கொண்டதுதான். காசு தேவையில்லை, மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். பழைய கணினிகளோடு சமாளிக்கும் தோட்டப் பாடசாலைக்கு இது பெரிய உதவி.

ஆனால் இலவசம் என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளை உள்ளே வந்துவிடமாட்டாள். "இதுகூடத் தெரியாதா, கையேட்டைப் படி" என்று பதில் வந்தால் மறுபடி கேட்கமாட்டாள். லயத்தில் வளர்ந்து, தமிழில் படித்து, ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழுதப் பல நாள் தைரியம் சேர்த்தவளுக்கு அந்த ஒரு வரி போதும், கணினியை மூடிவைக்க.

லினக்ஸ் உலகத்துப் பெண்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். லினக்ஸ்சிக்ஸ் என்ற பெண்கள் குழு தொடங்கியது. 2002இல் வால் ஹென்சன் பெண்களை ஊக்குவிப்பதற்கு ஒரு வழிகாட்டி எழுதினார். உதவுகிறேன் என்று அவளிடமிருந்து விசைப்பலகையை வாங்கிக்கொள்ளாதீர்கள் என்பது அதிலுள்ள ஓர் அறிவுரை.

கேகாலை றப்பர் தோட்டங்களை அறிந்த நமக்கு இது விளங்கும். கத்தியைக் கையில் கொடுக்காமல் பால்வெட்டப் பழக்க முடியாது. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும் என்பதால் பழகியவர் பக்கத்தில் நிற்பார். கணினியில் அந்தப் பயமும் குறைவு. உபுண்டுவை நிறுவாமலே பென் ட்ரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம்.

கொழும்பிலும் வெளிநாடுகளிலும் கணினித் துறையிலிருக்கும் சகோதரிகளே, பாடசாலைக்குக் கணினி அனுப்பும்போது வாரத்தில் ஒரு மணித்தியாலத்தையும் சேர்த்துத் தாருங்கள். பிள்ளைகளைத் தமிழிலேயே கேட்க விடுங்கள். என்ன செய்தாள், திரையில் என்ன வந்தது என்று முதலில் விசாரியுங்கள். பதிலோடு காரணத்தையும் சொல்லுங்கள். பிறகு சிறிய வேலையொன்றை ஒப்படையுங்கள்: தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையைத் திருத்துவது, விளங்காத வழிகாட்டியை எளிதாக எழுதுவது. எந்த வரி விளங்கவில்லை என்பது புதிதாகப் படிப்பவளுக்குத்தானே தெரியும்? அடுத்த வருடம் வருகிற தங்கச்சிக்கு அவளே பதில் சொல்லட்டும்.