லேயில் ஏன் மூச்சு வாங்குகிறது?

விமானத்தில் லடாக்கின் லே நகருக்குப் போய் இறங்குகிறவர்களுக்கு, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். சிலருக்குத் தலை வலிக்கும். மலைக்காற்றில் ஆக்ஸிஜன் பங்கு குறைவு என்று பலரும் சொல்வார்கள். பங்கு குறைவதே இல்லை! கடற்கரையிலும் சரி, லேயிலும் சரி, காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன்தான். குறைவது காற்றின் மொத்த அழுத்தம்.

ஒரு கூட்டு வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு ஐந்தில் ஒன்று. 100 ரூபாய் லாபம் வந்தால் உங்களுக்கு 20. லாபம் 65 என்றால் 13தான். பங்கு மாறவில்லை. கைக்கு வந்தது குறைந்துவிட்டது.

காற்றிலும் இதே கணக்குதான். மொத்த அழுத்தத்தை வாயுவின் பங்கால் பெருக்குங்கள். கிடைப்பது அந்த வாயுவின் பகுதி அழுத்தம். எல்லா வாயுக்களின் பகுதி அழுத்தத்தையும் கூட்டினால் மொத்த அழுத்தம் வந்துவிடும். நாள்தோறும் வானிலையைக் குறித்து வைத்த இங்கிலாந்துக்காரர் ஜான் டால்டன், 1801இல் கண்ட விதி இது. எவ்வளவு எளிமை, பாருங்கள்!

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கிவிடுகிறது. நுரையீரலிலிருந்து ஆக்ஸிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவதே இந்த அழுத்தம்தான். அது குறைந்தால் உடம்பு திணறும்.

ஆகவே, லே போகிறவர்கள் முதல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் தாமதிக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். கீழே இறங்க ஏற்பாடு செய்யுங்கள்.