குறிப்பறிதலும் குழந்தைகளும்

(புதுவையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



முகத்தையும் நடையையும் கண்டு ஒருவர் அகத்தை அறியும் வித்தை நமக்குப் புதிதன்று. வள்ளுவனார் குறிப்பறிதல் என்னும் பெயரால் பொருட்பாலில் ஓரதிகாரமும், காமத்துப்பாலில் ஓரதிகாரமும் வகுத்தனர். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓரியல் உண்டு. இந்நகரில் துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய தினசரியைப் படிப்போர், அவர் பிறர் சொல்லையும் செயலையும் எவ்வளவு கூர்ந்து நோக்கினார் என்பதை அறிவர்.

இவ்வித்தை இப்பொழுது வேறோர் உருவில் நம் இல்லங்களுக்கு வந்திருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் பாண்ட்லர், ஜான் கிரிண்டர் என்னும் இருவர், விழி மேலே சென்றால் உருவத்தையும், பக்கவாட்டிற் சென்றால் ஒலியையும் ஒருவன் நினைக்கிறான் என்றனர். கண்ணாற் கற்போர், செவியாற் கற்போர், கையாற் கற்போர் என மாணாக்கரை மூவகையாக்கும் கொள்கையும் பரவிற்று. "இவனுக்குப் புஸ்தகம் ஏறாது; காதாலே பிடிக்கிற பிள்ளை" என்று நம்மவரும் சொல்லக் கேட்கிறேன்.

நானும் அவ்வாறு சொன்னவனே. என் தமக்கையின் பேரன் வகுப்பிற் பலகையைப் பாரான்; தலையைச் சாய்த்து ஆசிரியர் சொல்லையே உற்றுக் கேட்பான். அவனைச் செவியாற் கற்பவனென முடிவு செய்து, பாடங்களை வாய்மொழியாகவே சொல்லிவந்தோம். ஈராண்டு சென்றபின் கண் வைத்தியர் சோதித்தபோதுதான், தூரத்திலுள்ளவை அவனுக்குத் தெளிவாய்த் தெரியா என்பது வெளியாயிற்று. மூக்குக்கண்ணாடி அணிந்த அன்று, தெருக்கோடியிலுள்ள பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது எப்போதும் இங்கேதான் இருந்ததா, தாத்தா?" என்று கேட்டான். அக்கேள்வி இன்றும் என்னை வருத்துகிறது. அவன் காட்டிய குறிப்பு மெய். நாங்கள் கொண்ட பொருளே பொய்.

அவ்வாறே, ஆசிரியர் வாயையே நோக்கும் பிள்ளை காட்சியில் விருப்பமுடையவனென்று எண்ணுகிறோம். அவன் செவி மந்தமுடையவனாயிருத்தலுங் கூடும்.

விருப்பம் ஆளுக்காள் வேறுபடும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின் அவ்விருப்பத்திற்கேற்பக் கற்பித்தால் கல்வி மிகும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று, ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய அமெரிக்க மனநூற் புலவர் நால்வர் 2008-இல் வெளியிட்டனர்.

இதற்கு நம் பொற்பட்டறையே சாட்சி. உரைகல்லிற் கீற்றின் நிறத்தைக் கண் அறிகிறது; சுத்தியலின் ஓசை மாறுவதைச் செவி அறிகிறது; அடித்த தகடு இறுகிவிட்டது, மீண்டும் காய்ச்சவேண்டும் என்பதைக் கை அறிகிறது. ஒரு புலனையே நம்பியவன் பத்தராகான். 1910-இல் இந்நகருக்கு வந்து தங்கிய ஸ்ரீ அரவிந்தரும், ஐம்புலன்களோடு மனத்தையுஞ் சேர்த்து ஆறையும் செவ்வையாகப் பயிற்றுவதே ஆசிரியரின் முதல் வேலையென எழுதினார்.

ஆகையால் தாய்மார்களே, பிள்ளையின் குறிப்பைக் கூர்ந்து நோக்குங்கள். நோக்கியவுடன் அவனுக்கொரு பெயர் சூட்டாதீர்கள். ஏன் அவ்வாறு செய்கிறாயென்று அன்போடு அவனையே கேளுங்கள். பள்ளிக்கு அனுப்புமுன் கண்ணையும் செவியையும் சோதிப்பியுங்கள். குறிப்பு என்பது விடையன்று. நம்மை வினவத் தூண்டுவது. இதனை நம் வீடுதோறும் கைக்கொள்ள வேண்டுமென விண்ணப்பித்து, என் சிற்றுரையை முடித்துக்கொள்ளுகிறேன்.